ஒறாபி இயக்கமும் ஈழத்து முஸ்லிம்களும்: ‘அறபு’ என்னும் சொல்லின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அறபுத் தேசியவாதத்தின் தோற்றுவாயை ஆராய்வோர் வழக்கமாகச் சிரியாவிலிருந்தே தொடங்குவர். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூத்தில் புத்ருஸ் அல்-புஸ்தானி போன்றோர் முன்னெடுத்த அறபுமொழி மறுமலர்ச்சி, முதலாம் உலகப் போருக்கு முற்பட்ட ஆண்டுகளில் ஒற்றோமன் ஆட்சிக்கெதிராகத் தோன்றிய இரகசியச் சங்கங்கள், 1913 இற் பாரிசிற் கூடிய அறபுக் காங்கிரஸ், 1916 ஆம் ஆண்டின் ஹிஜாஸ் கிளர்ச்சி, 1947 இல் டமஸ்கஸில் அமைந்த பாத் கட்சி என்னும் வரிசை வரலாற்று நூல்களில் நிலைபெற்றுவிட்டது. இவ்வரிசை பிழையானதன்று. ஆயின் இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு முன்னதாகவே, அறபு பேசும் மக்கள் தம்மை ஆள்வோருக்கெதிராக ஓர் அரசியல் இயக்கமாகத் திரண்டு, ஐரோப்பிய வல்லரசொன்றுடன் போர்க்களத்திலும் மோதிய நிகழ்ச்சி 1881-82 இல் எகிப்தில் இடம்பெற்றது. அதன் தலைவர்கள் எழுவர் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் மூவர் இம்மண்ணிலேயே மாண்டனர்.

இருந்தும், ஈழத்துத் தமிழ் ஆராய்ச்சியில் அஹ்மத் ஒறாபி பாஷா ஒரு கொடையாளராகவே இதுகாறும் நினைவுகூரப்பட்டு வந்துள்ளார். பாஷா வந்தார், பள்ளிக்கூடம் வந்தது, தொப்பி வந்தது என்ற அளவிலேயே நமது எழுத்துக்கள் நின்றுவிடுகின்றன. அவர் தலைமை தாங்கியது எவ்வர்க்கத்தின் இயக்கம், அது எதனை எதிர்த்தது, தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே வந்து சேர்ந்தபோது அவ்வியக்கத்தின் உள்ளடக்கம் என்னவாயிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படவில்லை. இவற்றை எழுப்புவதற்குக் காரணம் பழமை மீதுள்ள ஆர்வம் மட்டுமன்று. ‘அறபு’ என்னும் ஒரு சொல் எகிப்தில் ஒரு பொருளையும் கொழும்பில் அதற்கு ஏறத்தாழ எதிரான பொருளையும் பெற்றது. அப்பொருள் மாற்றத்தின் விளைவுகளைக் கல்முனைக் கரையோரத்து மக்கள் இன்றுவரை சுமந்து வருகின்றனர்.

முதலில் எகிப்தின் பொருளாதார நிலையை நோக்குவோம். 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்கவில்லை. எகிப்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. 1863 இல் ஆட்சிக்கு வந்த கெதீவ் இஸ்மாயில் அவ்வருவாய் நிலையானதெனக் கருதிக் கால்வாய்களும் புகையிரதப் பாதைகளும் மாளிகைகளும் அமைத்தான். போர் முடிந்தது, விலை வீழ்ந்தது, கடன் மட்டும் வளர்ந்தது. அவன் பதவியேற்றபோது 3 மில்லியன் பவுண் அளவில் இருந்த கடன் 1876 இல் 90 மில்லியனைத் தாண்டியிருந்தது. 1875 இல் சுயஸ் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கிருந்த பங்குகள் முழுவதும் 4 மில்லியன் பவுணுக்குப் பிரித்தானிய அரசாங்கத்துக்கு விற்கப்பட்டன. அடுத்த ஆண்டில் கடன் கொடுத்தோரின் நலன் காக்கும் ஆணைக்குழுவும், அதனையொட்டிப் பிரித்தானிய-பிரெஞ்சு இரட்டைக் கட்டுப்பாடும் ஏற்பட்டன. 1880 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் வருவாயில் ஏறத்தாழப் பாதியைக் கடனுக்கென ஒதுக்கிற்று. மூலதனப் பெருக்கம் பற்றி 1913 இல் வெளியிட்ட நூலில் ரோசா லக்சம்பர்க் எகிப்தை விரிவாக எடுத்துக்கொண்டதன் காரணம் இதுவே. ஐரோப்பாவிலிருந்து கடனாக வந்த பணம் ஐரோப்பிய இயந்திரங்களுக்கும் ஒப்பந்தகாரருக்கும் திரும்பிச் சென்றது. வட்டியை நைல் நதிக்கரை உழவன் செலுத்தினான்.

செலுத்தினான் என்று எழுதுவது எளிது. வரி தண்டுவோனின் கையிலிருந்த தோற்சாட்டைக்கு எகிப்திய வரலாற்றில் ஒரு தனி இடமுண்டு. 1877-78 இல் மேல் எகிப்தில் பஞ்சம் நிலவிய காலத்திலும் கடனுக்கான தவணைக்காக வரி தண்டப்பட்டது. உழவர் மட்டுமன்றி ஓரளவு நிலமுடைய கிராமத் தலைவர்களும் பாதிக்கப்பட்டனர். ஆறாண்டு நிலவரியை முன்கூட்டியே செலுத்துவோருக்கு அதன்பின் என்றென்றும் பாதிவரியே என 1871 இல் அரசு வாக்களித்திருந்தது. அதனை நம்பிப் பணம் செலுத்தியோரிடம் 1880 இல் அவ்வாக்குறுதி செல்லாதெனக் கூறப்பட்டது. கிராமப்புறத்து நடுத்தர நிலவுடைமையாளர் பின்னர் ஒறாபியின் பக்கம் சாய்ந்தமைக்கு இதுபோன்ற வெளிப்படையான காரணங்கள் உள.

இனி இராணுவம். எகிப்தின் உயர் பதவிகள் துருக்கி மொழி பேசிய துருக்கிய-சேர்க்காசியக் குழுவினரின் கையிலிருந்தன. 1841 இல் ஷர்கிய்யா மாகாணத்துக் கிராமமொன்றில் ஊர்த்தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, அல்-அஸ்ஹரிற் சில ஆண்டுகள் கற்ற ஒறாபி, முந்திய ஆட்சியாளனான சயீத் பாஷா உள்நாட்டாருக்குப் படையில் இடமளித்த காலத்திலே சேர்ந்து விரைவில் உயர்ந்தவர். இஸ்மாயிலின் காலத்தில் அவ்வாயில் மூடப்பட்டது. கடன் ஆணைக்குழுவின் சிக்கனத்தால் அதிகாரிகள் குறைக்கப்பட்டபோது குறைக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் உழவர் குடும்பத்தினர். 1881 இன் தொடக்கத்தில் போர் அமைச்சன் உஸ்மான் ரிஃப்கிக்கு எதிராக ஒறாபியும் அலி ஃபஹ்மியும் அப்துல் ஆல் ஹில்மியும் முறையிட்டனர், சிறைப்படுத்தப்பட்டனர், அவர்தம் படைவீரரே வந்து அவர்களை விடுவித்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 9 ஆந் திகதி ஆப்தீன் அரண்மனைச் சதுக்கத்தில் படைகள் அணிவகுத்து நிற்க, மூன்று கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன. அமைச்சரவை நீக்கப்படவேண்டும், பிரதிநிதிகள் சபை கூட்டப்படவேண்டும், படையின் தொகை 18,000 ஆக உயர்த்தப்படவேண்டும். மூன்றாவது கோரிக்கை அதிகாரிகளின் தொழிற்சங்கக் கோரிக்கை எனலாம். இரண்டாவது அவ்வாறன்று. அதுவே படைமுகாமின் குறையை நாட்டின் குறையாக்கிற்று.

எங்கெல்ஸ் 1882 ஆகஸ்டில் பேர்ன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதமொன்றில், ஒறாபியைப் பற்றி அளவு கடந்து உருகவேண்டாமென்றும், ஐரோப்பிய நிதியாளரிடம் போகும் வரியைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பும் இன்னொரு பாஷாவாகவே அவர் இருக்கக்கூடுமென்றும் எச்சரித்திருக்கிறார். இங்கிலாந்து எகிப்தில் நடந்துகொண்ட முறையை அவர் ஏற்றவரல்லர். ஆயினும் இவ்வெச்சரிக்கையில் ஒரு பாதியே சரியெனக் கூறுவதில் நமக்குத் தயக்கமில்லை. இயக்கத்தின் தலைமை நிலமற்ற உழவனுடையதன்று. கிராமத் தலைவர், அதிகாரி, உலமா, நகரத்துப் பத்திரிகையாளன் ஆகியோருடையது. நில விநியோகம் அதன் திட்டத்தில் இடம்பெறவில்லை. ஆனால் 1882 கோடையில் கிராமங்கள் தானியமும் குதிரைகளும் ஆட்களும் அனுப்பின என்பதையும், சில இடங்களில் உழவர் வட்டிக்காரரின் பத்திரங்களைத் தேடிச் சென்றனர் என்பதையும் இலண்டனிலிருந்தபடி எங்கெல்ஸ் அறிந்திருக்க வழியில்லை. அப்துல்லாஹ் அல்-நதீம் என்னும் பத்திரிகையாளன் 1881 இல் அங்கத ஏடொன்று தொடங்கி, அறிஞரின் செந்நெறி அறபோடு கடைத்தெருவின் பேச்சுமொழியையும் கையாண்டான். எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு ஒருவர் வாசித்துக் காட்டத்தக்க எழுத்து அது. தேசியவாதத்தின் வரலாற்றில் இத்தகைய மொழிநடைத் திருப்பம் எவ்வளவு முக்கியமானதென்பதைப் பாரதியைக் கற்ற நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நமது நோக்குக்கு அடிப்படையான செய்தி இனி வருவது. இவ்வியக்கத்தினர் தம்மை ‘அவ்லாத் அல்-அறப்’, அதாவது அறபு மக்களின் பிள்ளைகள், என்று அழைத்தனர். எகிப்தில் அன்று ‘அறபு’ என்பது பெருமைக்குரிய பெயரன்று. ஒருபால் அது பாலைவன நாடோடியைக் குறித்தது. மறுபால் துருக்கி மொழி பேசிய மேல்வர்க்கத்தார் வாயில், அறபு மட்டுமே தெரிந்த உழவனின் மகன் எனும் இகழ்ச்சியைக் குறித்தது. அதனோடு ‘பல்லாஹ்’ என்ற சொல்லும் சேர்த்து வழங்கிற்று. அதற்கு உழவன் என்பதே பொருள். ஆகவே எகிப்திய இயக்கத்தின் ‘அறபு’ வமிசாவளியைச் சுட்டியதன்று. நைல் நதிக்கரையின் உழவன் அறேபியாவிலிருந்து கப்பலேறி வந்தவனல்லன். அவன் பேசியது அறபு, உழுதது எகிப்திய நிலம், செலுத்தியது வரி. ‘எகிப்து எகிப்தியருக்கே’ என்ற முழக்கத்திற்கும் ‘அறபு மக்களின் பிள்ளைகள்’ என்ற பெயருக்கும் முரண்பாடு தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

இதனை மெய்ப்பிக்க மஹ்மூத் சாமி அல்-பாறூதி ஒருவரே போதும். நவீன அறபுக் கவிதையின் மறுமலர்ச்சியை இவரிடமிருந்தே இலக்கிய வரலாற்றாசிரியர் தொடங்குகின்றனர். பல நூற்றாண்டுச் சொல்லணி விளையாட்டுக்களை உதறிவிட்டு அப்பாஸியர் காலக் கவிதையின் வலுவை மீட்டவர் இவர். 1882 பெப்ருவரியில் ஒறாபியைப் போர் அமைச்சராகக் கொண்ட அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. பிறப்பாற் சேர்க்காசியர், எந்தக் குழுவினருக்கெதிராக இயக்கம் எழுந்ததோ அக்குழுவின் இரத்தம். இரத்தம் கணக்கிற் கொள்ளப்பட்டிருப்பின் பாறூதி மறுபக்கத்திலேயே நின்றிருப்பார். அவரை இப்பக்கம் நிறுத்தியது மொழியும் அரசியலுமாகும். பதினேழாண்டு அஞ்ஞாதவாசத்தில் அவர் இயற்றிய கவிதைகள் ‘சரந்தீபிய்யாத்’ எனச் சுட்டப்படுகின்றன. சரந்தீப் என்பது இலங்கைக்கு அறபியர் இட்ட பழம்பெயர். மனைவியின் மரணச் செய்தியை அவர் இங்கிருந்தே கேட்டார்; பார்வையிழந்த நிலையில் 1899 இல் நாடு திரும்பி 1904 இற் காலமானார். கொழும்பிலும் கண்டியிலும் ஆக்கப்பட்ட இக்கவிதைகள் அறபுலகப் பாடநூல்களில் உள்ளன. அவற்றைத் தமிழிற் கொணரும் பணி ஈழத்தில் முறையாக இன்னும் நிறைவேறவில்லை என்பது நமது துறையினர் வெட்கப்படவேண்டிய விடயம்.

முடிவு யாவரும் அறிந்ததே. 1882 ஜூலை 11 இல் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தது; செப்டெம்பர் 13 வைகறையில் தெல்-எல்-கெபீரில் எகிப்தியப் படை முறியடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட படைப்பிரிவுகளும் அப்போரில் ஈடுபடுத்தப்பட்டன. தமிழர் பலர் சேவித்த சென்னை ‘சாப்பர்ஸ்’ பிரிவு அவற்றுள் ஒன்று. ஒறாபியின் உழவர்களுக்கும் நம் உழவர்களின் பிள்ளைகளுக்கும் இடையே நிகழ்ந்த முதற் சந்திப்பு ஏகாதிபத்தியத்தின் ஏற்பாட்டில், துப்பாக்கியோடு நிகழ்ந்தது.

மரண தண்டனை நாடு கடத்தலாக மாற்றப்பட்டு, ஒறாபி, பாறூதி, மஹ்மூத் ஃபஹ்மி, யஃகூப் சாமி, அலி ஃபஹ்மி, அப்துல் ஆல் ஹில்மி, துல்பா இஸ்மத் ஆகிய எழுவரும் குடும்பத்தினருடன் 1883 ஜனவரியிற் கொழும்பில் இறங்கினர். அவர்கள் வந்திறங்கிய இலங்கை கோப்பிப் பயிரின் வீழ்ச்சியால் நிலைகுலைந்திருந்தது. அடுத்த ஆண்டில் ஓறியன்ரல் வங்கியே முறிந்தது. கோப்பியால் வளர்ந்த வணிகக் குடும்பங்கள் புதிய வழிகளைத் தேடிக்கொண்டிருந்த வேளை அது. சிங்களவரிடையே பௌத்த மறுமலர்ச்சியும், யாழ்ப்பாணத்தில் நாவலர் தொடக்கிய சைவ மறுமலர்ச்சியும் பாடசாலையையும் அச்சியந்திரத்தையும் பற்றிக்கொண்டு முன்சென்றன. முஸ்லிம் வணிக வர்க்கத்துக்கும் அத்தகையதோர் எழுச்சி தேவைப்பட்டது. அதற்கான அறிவாளி ஏற்கெனவே களத்தில் இறங்கியிருந்தார். கண்டி வழக்கறிஞர் மு.கா. சித்திலெவ்வை ‘முஸ்லிம் நேசன்’ இதழை 1882 டிசம்பரிலே தொடங்கியிருந்தார். பாஷாமார் வருவதற்குச் சில வாரங்கள் முன்னர்! மறுமலர்ச்சியைப் பாஷா கொண்டுவந்தார் எனும் வழக்கமான கூற்றுக்கு இவ்வொரு திகதியே தக்க மறுப்பு. வந்தவர் ஒறாபி, அவரை வரவேற்கும் தேவை இங்கேயே விளைந்திருந்தது.

சித்திலெவ்வை நமது மதிப்புக்குரியவர். பெண்கல்விக்கும் நவீன கல்விக்கும் அவர் குரல் கொடுத்த காலத்தில் அதற்குத் துணிவு வேண்டியிருந்தது. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலான ‘அசன்பே சரித்திரம்’ 1885 இல் அவராலேயே எழுதி வெளியிடப்பட்டது. கெய்ரோவில் உயர்குடியிற் பிறந்த குழந்தையொன்று களவாடப்பட்டு, பம்பாய், கல்கத்தா என அலைந்து வளர்ந்து, ஈற்றில் தன் குலத்தை அடையும் கதை அது. ஒறாபி கொழும்பில் வாழ்ந்த காலத்தில், அவரோடு நெருங்கிப் பழகிய ஒருவர், எகிப்தைக் களமாகக் கொண்டு எழுதிய நாவல் அது என்பதை மனங்கொண்டு அதனை மீண்டும் வாசித்தல் வேண்டும். எழுச்சிக்குக் காரணமான உழவன் அதில் நாயகன் அல்லன். ‘பே’ என்பதே துருக்கிய-எகிப்திய மேற்குடியின் பட்டம். கதையின் சிக்கல் இழந்த வமிசம். கதையின் தீர்வு மீண்ட வமிசம். சித்திலெவ்வை வேண்டுமென்றே ஒறாபி இயக்கத்தைத் திரித்தார் என்பது நமது வாதமன்று. அக்கால வீரசாகசக் கதைகளுக்கு இழந்த குலம் பொதுப் பொருளே. ஆயினும் ஒரு வர்க்கம் தன் ஏக்கத்தை எந்தக் கதை வடிவில் இனங்கண்டது என்பது இலக்கியத்தின் சமூகவியலுக்கு உரிய சான்றாகும்.

இவ்வேக்கம் வெகுவிரைவில் அரசியல் வடிவு பெற்றது. சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோர் யாவருக்கும் பிரதிநிதியெனக் கருதப்பட்ட பொன். இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே எனும் கருத்தை 1885 இற் சபையிலும், 1888 இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைமுன் நிகழ்த்திய உரையிலும் முன்வைத்தார். மொழி, வழக்காறு, உடற்கூறு என அவர் சான்றுகளை அடுக்கினார். சான்றுகளிற் சில வலுவானவை. நோக்கம் அவ்வாறன்று. சோனகருக்குத் தனியாசனம் வழங்கப்படுமெனும் பேச்சு எழுந்திருந்த வேளையில், தமிழ் வேளாள மேற்குடியின் ஏகபோகத்தைக் காக்க எழுந்த ஆய்வு அது. கீழ்க்கரையின் சோனக உழவனைச் சகோதரன் என்று அழைக்க அதன் ஆசிரியருக்கு வேறெந்தச் சந்தர்ப்பத்திலும் தோன்றியதாகத் தெரியவில்லை. 1889 இல் எம்.சி. அப்துல் றகுமான் முதலாவது முஸ்லிம் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கான விரிவான மறுப்பை ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் வெளியிட்டார். சோனகரின் முன்னோர் அறபியரே. தமிழ் வாணிபத்தின் பொருட்டுக் கைக்கொண்ட மொழி என்பது அதன் சாரம்.

இவ்விருவரும் எதிரெதிர் நின்றனரெனினும், ஒருவன் யாரென்பதை அவனது இரத்தமே தீர்மானிக்கும் என்னும் எடுகோளில் இருவரும் உடன்பட்டிருந்தனர். ஒருவர் தமிழ் இரத்தம் என்றார், மற்றவர் அறபு இரத்தம் என்றார். காலனித்துவ அரசு குடிசன மதிப்பீட்டுப் பத்திரத்தில் வரைந்து கொடுத்த கட்டங்களுக்குள் நின்றே இருவரும் வாதிட்டனர். இதே காலப்பகுதியில் கொழும்பிலும், 1892 முதல் கண்டியிலும் வாழ்ந்த ஒறாபியின் இயக்கமோ, இரத்தத்தாற் சேர்க்காசியனான கவிஞனொருவனை அறபு மக்களின் பிள்ளைகளுக்குத் தலைமை தாங்க வைத்திருந்தது. அம்முன்மாதிரியைக் கொழும்பில் எவரும் எடுத்தாளவில்லை. எடுத்தாண்டிருப்பின், பேசும் மொழியும் உழும் நிலமும் ஒருவனை இன்னாரென்று ஆக்குமாயின், மருதமுனை நெசவாளியும் சம்மாந்துறை உழவனும் யார் என்ற வினா எழுந்திருக்கும். அவ்வினாவுக்குரிய விடை அப்துல் அஸீஸுக்கும் உவப்பாகாது, இராமநாதனுக்கும் உவப்பாகாது.

தொப்பியின் கதை இதனினும் சுவையானது. ஒறாபியைப் பின்பற்றிக் கொழும்பு முஸ்லிம் மேற்குடியினர் சிவப்புத் துருக்கித் தொப்பியை அணியலாயினர். 1905 இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அத்தொப்பியுடன் நீதிமன்றத்தில் வாதாட அனுமதி மறுக்கப்பட்டபோது அது பெருங் கிளர்ச்சியாயிற்று. அவ்வாண்டின் இறுதி நாளில் மருதானைப் பள்ளிவாசல் முன்றலிற் பெருங்கூட்டம் கூடிற்று. பின்னர் தடை தளர்ந்தது. காலனித்துவ அவமதிப்பை எதிர்த்த போராட்டமென்ற வகையில் அது நியாயமானதே. ஆனால் அத்தொப்பி ஒற்றோமன் பேரரசின் அலுவலர் தொப்பி. எகிப்திய உழவனின் மகன் எந்த மேல்வர்க்கத்தை எதிர்த்து எழுந்தானோ அதன் சின்னமே இலங்கையில் அவன் விட்டுச்சென்ற நினைவாயிற்று. பருத்தி வயலில் நின்ற பல்லாஹ் அணிந்தது வேறு தொப்பி.

ஸாஹிரா பற்றியும் கூறுதல் தகும். 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் ‘அல்-மத்ரஸதுஸ் ஸாஹிரா’ திறக்கப்பட்டது. சித்திலெவ்வையின் சிந்தனை, ஒறாபியின் ஊக்கம், வாப்பிச்சி மரைக்காரின் பணம் ஆகிய மூன்றும் அதில் ஒன்றிணைந்தன. வாப்பிச்சி மரைக்கார் கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர். காலனித்துவ அரசின் பொதுவேலைகளாற் பொருளீட்டிய ஒருவரின் பொருளும், அதே பேரரசோடு போரிட்டுத் தோற்ற ஒருவரின் புகழும் ஒரே அத்திவாரத்தில் இடப்பட்டன. எதிர்ப்பியக்கமொன்று கல்வி இயக்கமாக உருமாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஒறாபியும் இதற்கு முற்றும் புறம்பானவரல்லர். விடுதலை வேண்டிப் பலமுறை விண்ணப்பித்தவர் அவர். அரசியலிலிருந்து விலகியிருத்தல் அவரது நிலைமையின் நிபந்தனை. 1901 இல் நாடு திரும்பியபோது பிரித்தானியரை அவர் புகழ்ந்து பேசியமைக்காக முஸ்தபா காமிலைச் சார்ந்த இளந் தேசியவாதிகள் அவரைத் துரோகியென்றனர். கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிக் கவிதை பாடினார். 1911 இல் ஒறாபி இறந்தபோது எகிப்து பெரிதும் கவனிக்கவில்லை. 1952 இல் ஆட்சியைக் கைப்பற்றிய நாசரும் அவரது தோழரான அதிகாரிகளுமே, தம்மைப் போலவே சிறு குடும்பங்களிலிருந்து படைக்கு வந்த அவரைத் தம் முன்னோராக மீட்டெடுத்தனர். ஒறாபியின் திட்டத்தில் இல்லாதிருந்த நிலச் சீர்திருத்தத்தை அவ்வாண்டு செப்டெம்பரில் அவர்கள் சட்டமாக்கினர். நாசரின் அறபு சோஷலிசம் இலங்கையிலும் எதிரொலித்தது. பதியுதீன் மஹ்மூத்தின் இஸ்லாமிய சோஷலிச முன்னணியை அதன் பின்னணியிலே வைத்து நோக்க வேண்டும்; அது தனியாக ஆராயத்தக்கது.

இனி, இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது கல்முனைக் கரை எவ்வாறிருந்தது? காரைதீவு வடக்கே சாய்ந்தமருதையும் தெற்கே நிந்தவூரையும் மேற்கே சம்மாந்துறை வயல்வெளியையும் எல்லையாகக் கொண்ட தமிழூர். இப்பகுதியின் முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வணிகரல்லர். அவர்கள் நெல் விளைவிப்போர், நெசவு நெய்வோர், மீன் பிடிப்போர். நிலம் போடியாரிடம் இருந்தது. வயலில் முல்லைக்காரன் நின்றான். வாய்க்கால் நீரை வட்டைவிதானை பங்கிட்டான். போடியார் தமிழராயினும் முஸ்லிமாயினும் இம்முறையில் வேறுபாடில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு, குடி தாய்வழியில். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காரும் குடிகளின் பெயராலேயே பொறுப்பேற்றனர். தந்தை வழியே அறேபியாவுக்குச் செல்லும் வமிசாவளி, தாய்வழிக் குடியால் தன்னை அறிந்துகொண்ட ஒரு சமூகத்தின் நடைமுறை வாழ்வை எவ்வாறு விளக்கவியலும்? கொழும்பின் ‘அறபு’ இங்கே பொருந்தவில்லை. எகிப்தின் ‘அறபு’, அதாவது தன் மொழி பேசி, நிலத்தை உழுது, கடனில் அமிழ்ந்தவன் என்பது, பொருந்தியிருக்கும். ஆனால் அது இங்கே வந்து சேரவேயில்லை.

வந்ததென்று கூறத்தக்க முதற் சந்தர்ப்பம் 1942. பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, நெல் உற்பத்தியைப் பெருக்கும் அவசரப் பணிக்கென ஏ.எம்.ஏ. அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கு இந்துக் கல்லூரியிற் கற்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதலாவது முஸ்லிம் அவர். நகரத்து முஸ்லிமுக்குத் தெரியாத ஒரு முஸ்லிம் சமூகத்தை அவர் கல்முனை வயல்களிலே கண்டார். அங்கேதான் காரைதீவு தந்த விபுலானந்த அடிகளுடனும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெவ்வையுடனும் அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. அடிகள் பிறந்த ஆண்டும் ஸாஹிரா திறக்கப்பட்ட ஆண்டும் ஒன்றே (1892) என்பது தற்செயல். ஆனால் உழவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைப்பதையே வாழ்க்கைப் பணியாக ஏற்றிருந்த துறவியொருவரின் தொடர்பு ஒரு முஸ்லிம் நிருவாகியின் எண்ணத்தைத் திருப்பியமை தற்செயலன்று. அவ்வாண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. 1945 இற் கொழும்பில் அமைந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தின் வித்தும் கல்முனை அனுபவமே. அஸீஸ் எகிப்துப் பயண நூலாக 1967 இல் எழுதிய ‘மிஸ்ரின் வசியம்’ தூய தமிழில் அமைந்தது. அறபுலகின் மீதான ஈடுபாடும் தமிழ்மொழி மீதான பற்றும் ஒருவரிடத்தே மோதலின்றி இருந்தன என்பதற்கு அது சான்று.

அம்மோதலின்மை பின்னர் நீடிக்கவில்லை. 1985 ஏப்ரலிற் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இக்கொடுமைகளுக்கான பொறுப்பை பழைய இரு கட்டுரைகள் மீது சுமத்துவது நேர்மையாகாது. அரசின் கையும் ஆயுதக் குழுக்களின் கையும் அவற்றில் உண்டு. ஆயினும் ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சிய இரு சாராரும் ஒருவரையொருவர் இரத்தத்தால் அளந்தறியும் பழக்கத்தை இராமநாதனிடமிருந்தும் அப்துல் அஸீஸிடமிருந்துமே கற்றுக்கொண்டனர். மொழியால் ஒன்று என்று அழைத்தவரும், அவ்வழைப்பில் நிலத்தையும் அதிகாரத்தையும் பகிர்ந்துகொள்ளும் பேச்சைச் சேர்க்கவில்லை.

1948 இல் அஸீஸ் சிவில் சேவையை விட்டு விலகி மருதானை ஸாஹிராவின் அதிபரானார். அடுத்த ஆண்டில் காரைதீவுக்கு வடக்கே, நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில், கல்முனை ஸாஹிரா தொடங்கப்பட்டது. ஒறாபியின் முன்னிலையில் மருதானையில் இடப்பட்ட அப்பெயர் நெல்வயற் கரைக்கு வந்துசேர 57 ஆண்டுகள் சென்றன.